லாவர்ன் அண்ட் ஷெர்லி: வாடகையும் வாரச் சம்பளமும் இரண்டு தோழிகளும்

இந்தத் தொடரைப் பற்றிக் கேட்பவர்களின் கேள்வியில் பெரும்பாலும் இரண்டு விஷயம் இருக்கிறது. ‘லாவர்ன் அண்ட் ஷெர்லி’ விழுந்து புரண்டு சிரிக்க வைக்கும் ஒரு பழைய அமெரிக்க சிட்காம்தானே, அதை ஏன் இன்னமும் முக்கியமான தொடர் என்கிறார்கள் என்பது ஒன்று. அதன் இரண்டு நாயகிகளில் ஒருத்தியான ஷெர்லி கடைசி சீசனில் ஏன் திடீரென்று காணாமல் போகிறாள் என்பது மற்றொன்று. என் பார்வையில் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: வேலை. கூலிக்கு வேலை பார்க்கும் பெண்களின் வாழ்க்கையிலிருந்து நகைச்சுவையை எடுத்த தொடர் இது. அந்த வேலையைக் கதையிலிருந்து எடுத்தபோது சோர்ந்தது. படப்பிடிப்புத் தளத்தில் ஒரு பெண்ணின் வேலை தகராறானபோது உடைந்தே போனது.

முதலில் அடிப்படை விவரங்கள். ஏபிசி தொலைக்காட்சியில் 1976 ஜனவரி 27 அன்று தொடங்கி 1983 மே 10 அன்று முடிந்தது. எட்டு சீசன், 178 எபிசோட், ஒவ்வொன்றும் விளம்பரத்தோடு அரை மணி நேரம். கதை நடப்பது விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், 1950களின் கடைசியில். மில்வாக்கி என்றாலே பியர்தான். ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், பிளாட்ஸ், மில்லர் என்று ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வளர்த்தெடுத்த ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். தொடரில் வரும் ‘ஷாட்ஸ்’ ஆலை கற்பனை. ஆனால் மில்வாக்கிக்காரர்கள் காதில் அது ‘ஷ்லிட்ஸ்’ போலத்தான் ஒலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லாவர்ன் டிஃபாசியோவும் ஷெர்லி ஃபீனியும் அந்த ஆலையில் பாட்டிலுக்கு மூடி போடும் பிரிவில் வேலை செய்கிறார்கள். தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வீட்டில் சேர்ந்து குடியிருக்கிறார்கள். லாவர்ன் இத்தாலிய வம்சாவளி. வாய் நீளம், முன்கோபம், மனதில் பட்டதை உடனே செய்துவிடும் சுபாவம். எந்த உடை போட்டாலும் நெஞ்சில் ‘எல்’ என்ற எழுத்து தைத்திருக்கும். பாலில் பெப்சியைக் கலந்து குடிப்பாள். ஷெர்லி ஐரிஷ் வம்சாவளி. ஒழுங்கு, நாசூக்கு, நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டும் என்ற கனவு, கூடவே ‘பூ பூ கிட்டி’ என்ற பொம்மைப் பூனை. லாவர்னாக நடித்தவர் பென்னி மார்ஷல், ஷெர்லியாக சிண்டி வில்லியம்ஸ். அந்த ‘எல்’ எழுத்து பென்னியின் யோசனை. பாலும் பெப்சியும் அவருடைய சிறுவயதுப் பழக்கம். டைட்டிலில் இருவரும் கைகோத்து, எண்ணிக்கொண்டே தெருவில் குதித்து வருகிறார்களே, அதுவும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளிக்குப் போகும்போது பென்னி பாடித் திரிந்ததுதான்.

இந்த இரண்டு பெண்களும் முதலில் தலைகாட்டியது ‘ஹேப்பி டேஸ்’ என்ற இன்னொரு ஏபிசி சிட்காமில், 1975 நவம்பரில் வந்த ஒரு எபிசோடில். அந்தத் தொடரின் நாயகர்களில் ஒருவனான ஃபான்ஸி தனக்கும் நண்பன் ரிச்சிக்கும் துணையாக இரண்டு பெண்களைக் கூட்டி வருவான். அவர்கள்தான் இவர்கள். அதில் இருவருமே கொஞ்சம் முரட்டுப் பெண்கள். பார்வையாளர்களின் வரவேற்பைப் பார்த்ததும் இரண்டே மாதத்தில் தனித் தொடர் வந்துவிட்டது. உருவாக்கியவர்கள் பென்னியின் அண்ணன் கேரி மார்ஷல், லோவெல் கான்ஸ், மார்க் ராத்மன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு தொடரும் ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே காலத்தில் நடப்பவை. ‘ஹேப்பி டேஸ்’ காட்டுவது இரும்புச் சாமான் கடை முதலாளியின் வீட்டை. அங்கே அம்மா சமைக்கிறாள், பிள்ளைகள் படிக்கிறார்கள், பணம் பெரிய கவலையாக வருவதில்லை. ‘லாவர்ன் அண்ட் ஷெர்லி’ அதே மில்வாக்கியை ஒரு மாடி கீழே இறங்கி நின்று காட்டுகிறது. அந்த வீட்டு ஜன்னல் தெருவின் மட்டத்தில் இருக்கும்; வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் படியிறங்கித்தான் வர வேண்டும்.

அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேலைக்குப் போகும் பெண் என்றால் உடனே நினைவுக்கு வருபவர் மேரி டைலர் மூர். 1970இல் தொடங்கிய அவருடைய தொடரில் அவர் மினியாபொலிஸ் நகரத்துச் செய்தி அறையில் தயாரிப்பாளர் குழுவில் இருப்பவர். நல்ல தொடர், அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அங்கே வேலை என்பது தன்னை நிரூபித்துக்கொள்ளும் வழி. லாவர்னுக்கும் ஷெர்லிக்கும் வேலை என்பது வாடகை. அவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது, கல்லூரிப் படிப்பு கிடையாது. கல்யாணம் நடந்தால் ஒரு வழி திறக்கும் என்று ஊர் சொல்கிறது, அவர்களும் பாதி நம்புகிறார்கள். இப்படிப்பட்ட இரண்டு பேரை நடுவில் வைத்து, கணவனோ அப்பாவோ முதலாளியோ கதையை நடத்தாமல், அவர்களுடைய நட்பே கதையை நடத்துவதுபோல எழுதியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல.

உடல்மொழி நகைச்சுவை என்று வந்தால் எல்லோரும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை லூசில் பாலைச் சொல்வார்கள். சரியான ஒப்பீடுதான், ஆனால் வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். அவருடைய ‘ஐ லவ் லூசி’ தொடரில் 1952இல் வந்த சாக்லேட் ஆலை எபிசோட் உலகப் புகழ் பெற்றது. லூசியும் தோழி எத்தலும் கணவன்மாரோடு பந்தயம் போல வேலையை மாற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிறார்கள். கன்வேயரில் சாக்லேட் வேகமாக வந்துகொண்டே இருக்க, வாயிலும் தொப்பியிலும் உடைக்குள்ளும் திணித்துச் சமாளிக்கிறார்கள். அன்றோடு அந்த வேலை முடிந்தது, மறுபடி வீடு. லாவர்னும் ஷெர்லியும் நிற்பதும் அதே மாதிரி கன்வேயருக்கு முன்னால்தான், ஆனால் அவர்கள் நாளைக்கும் அங்கேதான் நிற்க வேண்டும். டைட்டில் காட்சியில் லாவர்ன் ஒரு ரப்பர் கையுறையை பியர் பாட்டிலின் தலையில் மாட்டிவிடுகிறாள். பாட்டில் நகர்ந்து போகிறது, கையுறை கையசைப்பதுபோல ஆடுகிறது, இருவரும் அதற்குத் திருப்பிக் கையசைக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்பவர்கள் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. மொத்தத் தொடரும் எனக்கு அந்தச் சில நொடிகளிலேயே தெரிகிறது.

இந்தத் தொடரின் கோமாளித்தனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் கையில் காசில்லாத நிலைமை இருக்கிறது. ஒரு எபிசோடை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் பெரிய மனிதர்கள் வரும் காக்டெய்ல் விருந்து ஒன்றுக்கு இருவரும் போக ஆசைப்படுகிறார்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் இல்லை. எனவே கூலிக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் தங்கள் உடம்பையே ஒப்படைக்கிறார்கள். ஒருத்திக்குச் சாப்பாடு கிடையாது, மற்றவளுக்குத் தூக்கம் கிடையாது. அது முடிந்த கையோடு விருந்து. அலங்காரம் செய்துகொண்டு, மரியாதையாகப் பேசிக்கொண்டு, ஒருத்தி பசியையும் ஒருத்தி தூக்கத்தையும் அடக்கப் பார்க்கிறார்கள். உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது. தட்டு கடந்து போகும்போதெல்லாம் கண் அதன் பின்னாலேயே போகிறது. நின்றபடியே கண் சொருகுகிறது. வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் காட்சி. ஆனால் நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசித்தால், வசதியுள்ளவர்களோடு ஒரு மாலை நேரம் நிற்பதற்கு இந்தப் பெண்கள் கொடுத்த விலையைப் பார்த்துத்தான். எழுதியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்குமே அவர்களை இளக்காரமாகக் காட்டவில்லை. தொடரின் முதல் எபிசோடே ஆலை முதலாளி வீட்டு விருந்துக்கு இவர்கள் போகும் கதைதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேல்தட்டு விருந்தில் கூலிக்காரப் பெண்கள் நிற்கும் நிலைமையோடு தொடங்கிய தொடர் இது.

மருத்துவமனையில் தன்னார்வலர்களாகப் போகும் எபிசோடும் அப்படித்தான். நோயாளி படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும். அந்தச் சின்ன வேலையை வைத்து இருவரும் கட்டிலின் மேலும் கீழும் உருண்டு புரண்டு செய்யும் அமர்க்களம், மௌனப்படக் காலத்து மேதைகளின் தரத்தில் இருக்கும். பென்னி எதையும் அலட்சியமாகச் செய்வதுபோலவே செய்வார், தோள்கள் தொங்கும், குரல் இழுக்கும். சிண்டி ஒவ்வொரு அசைவையும் கணக்காகச் செய்வார். ஷெர்லியின் நாசூக்கு எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அது உடையும்போது சிரிப்பு வரும். ஒருவர் இல்லாமல் மற்றவர் பாதிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எட்டாவது சீசனுக்கு வரும்போது தேவைப்படும்.

சுற்றியிருப்பவர்களும் இதே வர்க்கத்து மனிதர்கள். லென்னியும் ஸ்க்விகியும் ஆலையின் லாரி ஓட்டுபவர்கள், மாடிவீட்டுக்காரர்கள். மைக்கேல் மெக்கீனும் டேவிட் லேண்டரும் கல்லூரி நாட்களிலேயே உருவாக்கி வைத்திருந்த பாத்திரங்கள் இவை. மற்றவர்களில் யாராவது அருவருப்பான எதையாவது பற்றிப் பேச்செடுத்து முடித்த கணத்தில் கதவு திறக்கும், இருவரும் “ஹலோ!” என்று நுழைவார்கள். ஒவ்வொரு வாரமும் வரும் என்று தெரிந்தும் அரங்கம் கைதட்டும். லாவர்னின் அப்பா ஃபிராங்க் பீட்சா கடையும் பௌலிங் கூடமும் சேர்ந்த ‘பீட்சா பௌல்’ நடத்துகிறார். மனைவியை இழந்தவர், கோபக்காரர், மகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். அம்மாவின் கல்லறைக்குப் போக லாவர்ன் மறுக்கும் ஒரு எபிசோட் இருக்கிறது. சிரிப்புத் தொடரில் அப்படி ஒரு துக்கத்தை நேராகத் தொட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வீட்டுக்காரம்மா எட்னா பாபிஷாக வரும் பெட்டி காரட் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் பழைய இசைப்படங்களில் ஆடிப் பாடியவர். எட்னாவின் மகள் மூளை வளர்ச்சி குறைந்தவள். அவளை வைத்தும் ஒரு எபிசோட் எடுத்தார்கள். லென்னி அவளோடு பழகுவதைப் பார்த்து அம்மா பதறுவதும், அந்தப் பெண் தனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நிற்பதும் 1970களின் சிட்காமில் எளிதில் கிடைக்காத காட்சிகள். தோழிகளின் நண்பன் கார்மைன் ரகூசாவாக எடி மெக்கா. பாட்டு, ஆட்டம், குட்டிக்கரணம் எல்லாம் அவர் பொறுப்பு.

குறை இல்லாமல் இல்லை. ஒரே மாதிரி கதைகள் திரும்பத் திரும்ப வரும். சில எபிசோடுகளில் கதையே இருக்காது, ஓட்டமும் ஆட்டமும்தான். ராணுவத்தில் சேரும் கதைகளை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அதை வைத்து 1981இல் கார்ட்டூன் தொடர்கூட வந்தது. என்னை அவை அவ்வளவாக ஈர்க்கவில்லை. அன்றைய விமர்சகர்கள் பலர் இதை மட்டமான நகைச்சுவை என்று ஒதுக்கினார்கள். மக்கள் ஒதுக்கவில்லை. 1977–78, 1978–79 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் இதுதான். அப்புறம் 1979இல் ஏபிசி இதைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வியாழக்கிழமைக்கு மாற்றியது. பார்வையாளர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். சில மாதங்களில் மறுபடி செவ்வாய்க்கிழமைக்கே கொண்டுவந்தும் பழைய உச்சம் திரும்பவில்லை.

பெரிய திருப்பம் 1980இல், ஆறாவது சீசனில். ஆலையில் மூடி போடும் இயந்திரம் வருகிறது, லாவர்னுக்கும் ஷெர்லிக்கும் வேலை போகிறது. இருவரும் கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகருக்குக் குடிபெயர்கிறார்கள், கூட மொத்தக் கும்பலும் போகிறது. சினிமாவில் நடிக்க ஆசை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பெரிய கடையில் பரிசுப் பொருட்களுக்குக் காகிதம் சுற்றும் வேலை. அந்த முதல் காரணம் எவ்வளவு உண்மையானது என்று பாருங்கள். தொடரில் மில்வாக்கியை விட்டுக் கிளம்பிய அடுத்த ஆண்டே, 1981இல், நிஜ மில்வாக்கியில் ஷ்லிட்ஸ் ஆலை மூடப்பட்டது. ஊரின் பெயரையே தன் விளம்பரத்தில் சுமந்த ஆலை அது. வடக்கு அமெரிக்கத் தொழில் நகரங்களில் இப்படி வேலை இழந்து தெற்கேயும் மேற்கேயும் போன குடும்பங்கள் ஏராளம். தொடரின் கையில் பெரிய கதை ஒன்று அகப்பட்டிருந்தது. அதை ஒரே எபிசோடில் கடந்து போய்விட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பர்பாங்கில் வெயில் இருந்தது, நடிகர்கள் அதே திறமையோடு இருந்தார்கள், ஆனால் அழுத்தம் போய்விட்டது. ஆலையில் ஷிஃப்ட் இருந்தது, மேற்பார்வையாளர் இருந்தார், சக தொழிலாளர்கள் இருந்தார்கள், முதலாளி வீடு எங்கேயிருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. இங்கே அவர்கள் சினிமா வாய்ப்புக்கு அலையும் ஆயிரம் பேரில் இருவர். எதையாவது இழந்துவிடுவார்களோ என்ற பயம் நமக்கு வருவதில்லை. லென்னியும் ஸ்க்விகியும் நடிகர்களுக்கு வாய்ப்பு தேடித்தரும் ஏஜென்சி திறந்தார்கள். லாரி ஓட்டியபோது அவர்களிடம் இருந்த உண்மை அதில் இல்லை.

இப்போது ஷெர்லி காணாமல் போன கதை. 1982இல் எட்டாவது சீசன் தொடங்கும்போது சிண்டி வில்லியம்ஸ் கர்ப்பமாக இருந்தார். கதையில் ஷெர்லிக்கு வால்டர் மீனி என்ற ராணுவ மருத்துவரோடு கல்யாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை தலைமுதல் கால்வரை கட்டுப்போட்ட நிலையில் மணமேடைக்கு வருவார், முகமே தெரியாது. அதையடுத்து சீக்கிரத்திலேயே சிண்டி விலகினார். வெளிநாடு போன கணவனோடு சேரப் போகிறேன் என்று ஷெர்லி எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டு ஒன்றுதான் கதையில் மிச்சம். ஏழு ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தோழியிடம் நேரில் சொல்லாமல் ஷெர்லி போவாளா? பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

நிஜத்தில் நடந்ததாக சிண்டி சொன்னது இது: கர்ப்பத்தை அனுசரித்துப் போவதாக ஸ்டுடியோ முதலில் ஒப்புக்கொண்டது, பிறகு கொடுத்த படப்பிடிப்பு அட்டவணையில் அவருடைய பிரசவத் தேதியும் வேலை நாளாக இருந்தது. அவர் அந்த ஸ்டுடியோவான பாரமவுண்ட் மீது 2 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்புதான், 1978இல், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக் கூடாது என்று அமெரிக்காவில் தனிச்சட்டமே வந்திருந்தது. தயாரிப்புத் தரப்பில் பென்னியின் அண்ணன், அப்பா, அக்கா என்று மார்ஷல் குடும்பமே இருந்தது. அந்தச் சூழலில் தன் பக்கம் பேச யாருமில்லை என்ற குறை சிண்டிக்கு நெடுநாளாக இருந்தது. உழைக்கும் பெண்களின் நட்பைச் சொல்லிப் பெயர் வாங்கிய ஒரு தொடர், அதில் உழைத்த பெண்ணின் பிரசவ நேரத்தில் இப்படி உடைந்தது. சிண்டி பக்கம்தான் நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடரின் பெயரை மாற்றாமல் லாவர்னை மட்டும் வைத்து அந்த சீசனை ஓட்டி முடித்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் முழுசு என்று மேலே சொன்னது அதில் கண்கூடாகத் தெரியும். லாவர்ன் சுவரைப் பார்த்துப் பந்தடிப்பவள்போல, பதில் வராத இடத்தில் வசனம் பேசிக்கொண்டிருக்கிறாள். கடைசி எபிசோட் அவளுடைய கதைகூட இல்லை. பிராட்வே நாடக மேடையில் வாய்ப்பு தேடி நியூயார்க் போகும் கார்மைனின் கதை.

தோழிகள் இருவரும் சில ஆண்டுகள் பேசாமல் இருந்து பிறகு சேர்ந்துகொண்டார்கள். 1995இல் ஒரு மறுசந்திப்பு நிகழ்ச்சி, 2013இல் ‘சாம் அண்ட் கேட்’ தொடரில் இருவரும் சேர்ந்து சிறு வேடம். பென்னி இந்தத் தொடரிலேயே சில எபிசோடுகளை இயக்கிப் பழகியவர். பின்னாளில் 1988இல் அவர் இயக்கிய ‘பிக்’ அமெரிக்காவில் 10 கோடி டாலர் வசூலைத் தாண்டிய, பெண் ஒருவர் இயக்கிய முதல் படம். 1992இல் வந்த ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ உலகப்போர்க் காலத்துப் பெண்கள் பேஸ்பால் அணியைப் பற்றியது. பண்ணையிலிருந்தும் சிறு ஊர்களிலிருந்தும் வந்த பெண்கள் கூலிக்கு விளையாடும் கதை. அதைப் பார்க்கும்போது லாவர்னின் வாசனை அடிப்பது தற்செயல் அல்ல. டேவிட் லேண்டரும் எடி மெக்காவும் அதில் தலைகாட்டுவார்கள். பென்னி 2018 டிசம்பரில் காலமானார், சிண்டி 2023 ஜனவரியில். இருவருக்கும் அப்போது வயது 75.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: வரிசையாகத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டாவது, மூன்றாவது சீசன்களில் தொடங்குங்கள். எழுத்தும் நடிப்பும் கூடி வந்த காலம் அது. மேலே சொன்ன பரிசோதனைக் கூட எபிசோட் ‘கினி பிக்ஸ்’, மருத்துவமனை எபிசோட் ‘ஏஞ்சல்ஸ் ஆஃப் மெர்சி’, எட்னாவின் மகள் வருவது ‘தி ஸ்லோ சைல்ட்’. இந்த மூன்றும் பிடித்திருந்தால் முதல் சீசனுக்குத் திரும்பிப் போய் ஐந்தாவது வரை பாருங்கள். ஆறாவது சீசனின் முதல் எபிசோடை, அந்த இயந்திரம் வரும் கதைக்காகத் தவறவிடாதீர்கள். எட்டாவதில் கல்யாண எபிசோட் ஒன்று போதும்.